ஓர் அம்பை நம்பாதீர்கள், ஆயிரம் அம்புகளைப் பாருங்கள்

2024 ஜனவரி 3ஆம் தேதி இரவு. லண்டனில் உள்ள அலெக்சாண்ட்ரா பேலஸ் அரங்கில் உலக டார்ட்ஸ் வெற்றியாளர் போட்டியின் இறுதி ஆட்டம். மேடையில் நின்ற இருவரில் ஒருவருக்கு வயது 16. பெயர் லூக் லிட்லர். எதிரில் விளையாடியவரின் பெயரும் லூக்தான்: லூக் ஹம்ஃப்ரிஸ்.

முதலில் ஏழு செட்களை வெல்பவருக்குப் பட்டம். லிட்லர் 4-2 என்று முன்னணியில் இருந்தார். அடுத்த செட்டையும் கைப்பற்ற அவருக்கு ஒரு வாய்ப்பு வந்தது. எண் 2க்கு உரிய இரட்டை வளையத்தில் ஓர் அம்பு குத்தினால் 5-2. அம்பு தவறியது. அதன் பிறகு ஹம்ஃப்ரிஸ் தொடர்ந்து ஐந்து செட்களை வென்று, 7-4 என்ற கணக்கில் உலக வெற்றியாளரானார்.

"சின்னப் பையன், பதற்றத்தில் தவறவிட்டுவிட்டான்" என்று யாரும் எளிதாகச் சொல்லிவிடலாம். மாணவர்களே, அறிவியல் படிக்கும் நாம் அவ்வளவு சீக்கிரம் தீர்ப்புச் சொல்லலாமா? அந்த ஓர் அம்பு தவறியதற்குப் பதற்றம்தான் காரணம் என்று எப்படித் தெரியும்? நல்ல ஆட்டக்காரர் அந்த இடத்தில் எத்தனை முறை குத்துவார், எத்தனை முறை தவறுவார் என்று தெரிந்தால்தானே சொல்ல முடியும்? 2024ஆம் ஆண்டின் தொழில்முறை டார்ட்ஸ் பருவத்தை வைத்துக்கொண்டு இதைக் கொஞ்சம் ஆராய்வோம்.

பலகையும் விதிகளும்

டார்ட்ஸ் பலகையில் 20 பகுதிகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 20 வரை ஓர் எண். பலகையின் ஓரத்தில் உள்ள மெல்லிய வளையத்தில் அம்பு குத்தினால் அந்த எண்ணுக்கு இரு மடங்கு புள்ளிகள். நடுவழியில் உள்ள இன்னொரு மெல்லிய வளையத்தில் குத்தினால் மும்மடங்கு. மையத்தில் உள்ள சிறு வட்டத்துக்கு 50, அதைச் சுற்றியுள்ள வளையத்துக்கு 25.

ஓர் ஆட்டக்காரர் ஒரு முறைக்கு மூன்று அம்புகள் எறிவார். 501 புள்ளிகளில் தொடங்கி, எடுத்த புள்ளிகளைக் கழித்துக்கொண்டே வரவேண்டும். முதலில் சுழியத்தைத் தொடுபவருக்கு அந்தச் சுற்று. அதை 'லெக்' என்பார்கள். கடைசி அம்பு இரட்டை வளையத்திலோ மைய வட்டத்திலோ குத்தி, கணக்கு மிகச் சரியாகச் சுழியத்தில் முடியவேண்டும். உலகப் போட்டியில் மூன்று லெக் வென்றால் ஒரு செட்.

ஒரு முறையில் எடுக்கக்கூடிய உச்சப் புள்ளிகள் 180. அதாவது மும்மடங்கு 20இல் மூன்று அம்புகள்.

எட்டு மில்லிமீட்டர்

பலகையின் மையம் தரையிலிருந்து 1.73 மீட்டர் உயரத்தில் இருக்கும். ஆட்டக்காரர் நிற்கும் கோடு பலகையின் முகப்பிலிருந்து 2.37 மீட்டர் தூரத்தில் இருக்கும். இரட்டை வளையம், மும்மடங்கு வளையம் இரண்டின் அகலமும் வெறும் 8 மில்லிமீட்டர்தான்.

மும்மடங்கு 20 என்ற கட்டம் 8 மில்லிமீட்டர் உயரமும் சுமார் 32 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட ஒரு வளைந்த பட்டை. அதன் பரப்பைக் கணக்கிட்டால் ஏறத்தாழ 2.6 சதுர செண்டிமீட்டர் வரும். நம் பையில் இருக்கும் புதிய 10 காசு நாணயத்தின் பரப்பும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

இப்போது ஒரு சிறு கணக்கு. ஆட்டக்காரர் முன்னால் சாய்ந்து கையை நீட்டி எறிவதால், அம்பு காற்றில் பறக்கும் தூரம் 2 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வேகம் விநாடிக்கு 6 மீட்டர் என்போம். பறக்கும் நேரம் 2 ÷ 6, அதாவது விநாடியில் மூன்றில் ஒரு பங்கு. அந்தச் சிறிய நேரத்தில் புவியீர்ப்பு அம்பை எவ்வளவு கீழே இழுக்கும்? பாதி × 9.8 × நேரத்தின் வர்க்கம். விடை 54 செண்டிமீட்டர்!

அதனால்தான் ஆட்டக்காரர்கள் அம்பைச் சற்றே மேல்நோக்கி எறிகிறார்கள். அம்பு ஒரு பரவளையப் பாதையில் போய் இலக்கில் இறங்குகிறது.

அடுத்த எறியில் வேகம் 5 விழுக்காடு கூடிவிட்டது என்று வையுங்கள். 6க்குப் பதிலாக 6.3. அதே கணக்கைப் போட்டால் இறக்கம் 49 செண்டிமீட்டர் வரும். அம்பு ஏறத்தாழ 5 செண்டிமீட்டர் உயரே குத்தும். நம் இலக்கின் உயரமோ 8 மில்லிமீட்டர். அந்த 8 மில்லிமீட்டருக்குள் நிற்க வேண்டுமானால், வேகத்தில் வரும் பிழை ஆயிரத்தில் நான்கு பங்கைத் தாண்டக் கூடாது. எறியும் கோணத்தில் மேலும் கீழும் ஏறத்தாழ 0.11 பாகைக்கு மேல் மாறக் கூடாது.

இப்படி எறிவது மனிதக் கைக்கு எப்போதாவது கைகூடும். ஒவ்வொரு முறையும் கைகூடாது. மூளையிலிருந்து தசைக்குப் போகும் நரம்புச் சைகைகள் ஒவ்வொரு முறையும் அச்சு அசலாக ஒன்றுபோல இருப்பதில்லை. எவ்வளவு பயிற்சி செய்தாலும் ஒரு சிறிய வேறுபாடு மிஞ்சத்தான் செய்யும். உலகின் சிறந்த ஆட்டக்காரருக்கும் அதிலிருந்து விலக்கு இல்லை.

அம்பின் உடல்

அந்த வேறுபாட்டைக் குறைக்க ஆட்டக்காரருக்குக் கருவியும் உதவுகிறது. டார்ட்ஸ் அம்பின் எடை 50 கிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. ஆனால் தொழில்முறை ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் 20 முதல் 26 கிராம் எடையுள்ள அம்புகளையே பயன்படுத்துகிறார்கள். கையில் பிடிக்கும் உலோக உடல் டங்ஸ்டன் கலவையால் ஆனது.

ஏன் டங்ஸ்டன்? அடர்த்தி என்ற பாடத்தை நினைத்துப் பாருங்கள். பித்தளையின் அடர்த்தி ஒரு கன செண்டிமீட்டருக்குச் சுமார் 8.5 கிராம். தூய டங்ஸ்டனுக்கு அது 19.3 கிராம். டங்ஸ்டன் அதிகம் உள்ள கலவைக்கு 17 கிராம் என்று வைத்துக்கொள்வோம். 22 கிராம் எடையும் 5 செண்டிமீட்டர் நீளமும் உள்ள உருளையைப் பித்தளையில் செய்தால் அதன் விட்டம் சுமார் 8 மில்லிமீட்டர் வரும். டங்ஸ்டன் கலவையில் செய்தால் 6 மில்லிமீட்டருக்கும் குறைவு. எடை அதேதான், உடல் மட்டும் மெலிந்துவிட்டது. 10 காசு அளவுள்ள கட்டத்தில் மூன்று அம்புகள் நெருக்கியடித்து நிற்க வேண்டுமே! முதல் அம்பு தடித்திருந்தால் இரண்டாவதற்கு இடம் இருக்காது.

அம்பின் வாலில் உள்ள இறகுக்கும் ஒரு வேலை உண்டு. பூப்பந்து விளையாடியவர்கள் இதை உடனே புரிந்துகொள்வார்கள். மட்டையால் எப்படித் தட்டினாலும் பூப்பந்து காற்றில் திரும்பி, தக்கைப் பக்கம் முன்னால் வரும்படி பறக்கிறது. அதன் எடை முன்பக்கம் இருக்கிறது. காற்றின் எதிர்ப்பு பின்பக்க இறகுகளின் மீது செயல்படுகிறது. டார்ட்ஸ் அம்பும் அப்படித்தான். கையைவிட்டுப் புறப்படும்போது அம்பு சற்றுக் கோணலாக இருந்தால், வால் இறகின் மீது மோதும் காற்று அதைத் தள்ளி நேராக்குகிறது. அம்பு ஒரு பக்கமும் மறுபக்கமும் இலேசாக ஆடி, அந்த ஆட்டம் குறைந்துகொண்டே போய்ப் பலகையில் குத்துகிறது.

பலகையிலும் அறிவியல் இருக்கிறது. நல்ல பலகைகள் மரத்தால் ஆனவையல்ல. கற்றாழையைப் போன்ற ஒரு செடியிலிருந்து கிடைக்கும் சைசல் நாரை இறுக்கி அழுத்திச் செய்தவை. அம்பின் முனை நார்களை விலக்கிக்கொண்டு உள்ளே நுழைகிறது. அம்பை உருவியதும் நார்கள் மறுபடி நெருங்கித் துளையை மூடிக்கொள்கின்றன.

இரண்டு வகைப் பிழைகள்

அளவீடு பற்றிய பாடத்தில் டார்ட்ஸ் பலகைப் படங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு படத்தில் புள்ளிகள் எல்லாம் ஒரே இடத்தில் நெருக்கமாக இருக்கும், ஆனால் மையத்தைவிட்டுத் தள்ளி இருக்கும். இன்னொன்றில் மையத்தைச் சுற்றி நாலாபக்கமும் சிதறியிருக்கும்.

முதல் வகைப் பிழையைத் திருத்துவது எளிது. எல்லா அம்பும் 2 செண்டிமீட்டர் வலப்பக்கம் போகிறதென்றால், 2 செண்டிமீட்டர் இடப்பக்கம் குறி வைத்தால் போதும். சுழியத்தில் நிற்காத தராசைச் சரிசெய்வதுபோல. இரண்டாவது வகைக்குச் சிதறல் என்று பெயர் வைத்துக்கொள்வோம். அதை ஒரே நாளில் நீக்க முடியாது. பயிற்சியால் குறைக்கலாம். குறைத்தது போக மிஞ்சுவதை அளந்து தெரிந்துகொள்ளலாம். அப்படித் தெரிந்துகொண்டவர் குறி வைக்கும் இடத்தையே மாற்றிக்கொள்வார்.

20ஆ, 19ஆ, 14ஆ?

பலகையில் எண்கள் 1, 2, 3 என்று வரிசையாக இல்லை. 20க்கு இடப்பக்கம் 5, வலப்பக்கம் 1. பெரிய எண்ணுக்கு ஆசைப்பட்டு எறிபவர் கொஞ்சம் தவறினாலும் சிறிய எண்ணில் போய் விழுவார். 19இன் அண்டை எண்கள் 7, 3. அவை சற்றுப் பரவாயில்லை. 14இன் அண்டை எண்கள் 11, 9. இரண்டும் நல்ல எண்கள்.

மூன்று ஆட்டக்காரர்களைக் கற்பனை செய்வோம். ஒவ்வொருவரும் 100 அம்புகள் எறிகிறார்கள். இலக்கைத் தவறும் அம்புகள் இருபக்கத்து அண்டை எண்களிலும் சரிபாதியாக விழுகின்றன என்று வைத்துக்கொள்வோம். கணக்கு எளிதாக இருக்க, மடங்கு வளையங்களை விட்டுவிடுவோம்.

முதலாமவர் 100க்கு 80 அம்புகளைக் குறித்த எண்ணில் போடுபவர். 20ஐக் குறி வைத்தால் 1,660 புள்ளிகள். 19 என்றால் 1,620. 14 என்றால் 1,320. இவருக்கு 20தான் சிறந்தது.

இரண்டாமவர் 100க்கு 60 போடுபவர். 20இல் 1,320. 19இல் 1,340. 14இல் 1,240. இவருக்கு 19 சிறந்தது.

மூன்றாமவர் 100க்கு 40 மட்டுமே போடுபவர். 20இல் 980. 19இல் 1,060. 14இல் 1,160. இவர் 14ஐக் குறி வைக்க வேண்டும்!

எல்லை எங்கே இருக்கிறது என்பதை இயற்கணிதம் தெரிந்தவர்கள் கண்டுபிடித்துவிடலாம். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் குத்துபவருக்கு 20. அதற்கும் பாதிக்கும் இடையில் இருப்பவருக்கு 19. பாதிக்குக் கீழே போனால் 14. நாளிதழின் ஓரத்திலேயே போட்டுப் பாருங்கள்.

மடங்கு வளையங்கள், மைய வட்டம் எல்லாவற்றையும் சேர்த்து 2011இல் ரயன் டிப்ஷிரானி, ஆண்ட்ரூ பிரைஸ், ஜொனத்தன் டெய்லர் என்ற மூன்று புள்ளியியலாளர்கள் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். இங்கிலாந்தின் அரச புள்ளியியல் சங்க இதழில் அது வந்தது. சிதறலை அவர்கள் மில்லிமீட்டரில் அளந்தார்கள். சிதறல் மிகச் சிறிதாக உள்ளவருக்கு மும்மடங்கு 20 சிறந்த இலக்கு. சிதறல் 16 மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டியதும் சிறந்த இலக்கு மும்மடங்கு 19க்குத் தாவுகிறது. இன்னும் கூடினால் இலக்கு இடப்பக்கமாக வளைந்து பலகையின் நடுப்பகுதிக்கு வந்துவிடுகிறது. அதாவது, புதிதாக விளையாடுபவர் தொலைக்காட்சியில் பார்த்த ஆட்டக்காரரைப் போல மும்மடங்கு 20ஐயே குறி வைத்தால் அவருக்கு நட்டம்தான்.

மீண்டும் அந்த இரட்டை 2

இனி லிட்லரின் அம்புக்கு வருவோம். தொழில்முறை ஆட்டத்தில் இரட்டை வளையத்தைக் குறி வைத்து எறியும் அம்புகளில் சுமார் 40 விழுக்காடு குத்தினால் அது நல்ல ஆட்டம் என்று கருதப்படுகிறது. அப்படியானால் உலகத் தரமுள்ளவருக்கும் ஓர் அம்பு தவறும் வாய்ப்பு 60 விழுக்காடு. குத்துவதைவிடத் தவறுவதற்கே வாய்ப்பு அதிகம்!

ஆகவே, அன்று அம்பு தவறியதை மட்டும் வைத்துப் பதற்றம் என்று முடிவு கட்ட முடியாது. பதற்றம் இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். ஓர் அம்பு அதைச் சொல்லாது.

அதே நிலையில் மூன்று அம்புகள் கையில் இருந்தால்? மூன்றும் தவறும் வாய்ப்பு 0.6 × 0.6 × 0.6 = 0.216. ஆக, முடித்துவிடும் வாய்ப்பு ஏறத்தாழ 78 விழுக்காடு. விரைவாகப் புள்ளிகளைக் குறைத்து, எதிராளிக்கு முன்பே இரட்டை வளையத்துக்கு வந்து சேர்பவருக்கு இந்தக் கூடுதல் அம்புகள் கிடைக்கின்றன. 180கள் பார்க்க அழகு மட்டுமல்ல, அவை ஆட்டக்காரருக்கு வாய்ப்புகளைச் சேர்த்துத் தருகின்றன.

எந்த இரட்டையை மிச்சம் வைப்பது என்பதும் சிதறலைத் தெரிந்தவர் எடுக்கும் முடிவு. பலர் 32 மிச்சம் இருக்கும்படி பார்த்துக்கொள்வார்கள். அது இரட்டை 16. அம்பு சற்று உள்ளே விழுந்து ஒற்றை 16 ஆகிவிட்டால் மிச்சம் 16. அது இரட்டை 8. மறுபடியும் உள்ளே விழுந்தால் 8, பிறகு 4, பிறகு 2. 32 என்பது 2இன் ஐந்தாம் அடுக்கு. அதனால் பாதி பாதியாகக் குறைந்தாலும் ஒவ்வொரு முறையும் ஓர் இரட்டை காத்திருக்கும். 38 மிச்சம் வைத்தவர் ஒற்றை 19இல் குத்தினால் 19 மிஞ்சும். அது ஒற்றைப்படை எண். அதை இரட்டைப்படை ஆக்கவே இன்னோர் அம்பைச் செலவழிக்க வேண்டும்.

குறுகிய ஆட்டம், நீண்ட ஆட்டம்

2024ஆம் ஆண்டின் பெரிய போட்டிகளை வென்றவர்கள் பட்டியலைப் பாருங்கள். பிப்ரவரியில் மாஸ்டர்ஸ் போட்டியில் ஸ்டீஃபன் பன்டிங். மார்ச்சில் யுகே ஓப்பன் போட்டியில் பெல்ஜியத்தின் டிமிட்ரி வான் டென் பெர்க். இறுதியாட்டத்தில் ஹம்ஃப்ரிஸை அவர் வென்றது 11-10 என்ற கடைசி லெக்கில். மே மாதம் பிரிமியர் லீக் போட்டியில் லிட்லர். ஜூலையில் பிளாக்பூலில் நடந்த வேர்ல்ட் மேட்ச்பிளே போட்டியில் ஹம்ஃப்ரிஸ். அக்டோபரில் வேர்ல்ட் கிராண்ட் பிரி போட்டியில் பெல்ஜியத்தின் மைக் டி டெக்கர், ஐரோப்பிய வெற்றியாளர் போட்டியில் ரிச்சி எட்ஹவுஸ். நவம்பரில் கிராண்ட் ஸ்லாம் போட்டியில் லிட்லர், பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப் இறுதியில் ஹம்ஃப்ரிஸ்.

எட்டுப் போட்டிகளுக்கு ஆறு வெற்றியாளர்கள். உலக வெற்றியாளரான ஹம்ஃப்ரிஸால் ஏன் எல்லாவற்றையும் வெல்ல முடியவில்லை? அவர் திடீர் திடீரென்று திறமையை இழந்துவிட்டாரா?

இதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. சற்றே திறமை கூடிய ஒருவர், எதிராளிக்கு எதிராக ஒவ்வொரு லெக்கையும் வெல்லும் வாய்ப்பு 55 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். ஒரே லெக் விளையாடினால் அவர் வெல்லும் வாய்ப்பும் 55தான். மூன்று லெக் வெல்ல வேண்டிய ஒரு செட் என்றால் அது சுமார் 59 விழுக்காடாகக் கூடுகிறது. ஏழு செட் வெல்ல வேண்டிய உலக இறுதியாட்டம் என்றால் சுமார் 75 விழுக்காடு.

ஆட்டம் நீள நீள, தற்செயலான வெற்றி தோல்விகள் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுகின்றன. சிறிய திறமை வேறுபாடும் வெளியே தெரிகிறது. குறுகிய ஆட்டத்தில் அதற்கு நேரம் போதாது. ஆனால் 75 என்பதும் 100 அல்ல. நீண்ட இறுதியாட்டத்திலும் நான்கில் ஒரு முறை திறமை குறைந்தவர் வெல்லலாம்.

ஆய்வுக்கூடத்தில் ஊசலின் அலைவு நேரத்தை அளக்கும்போது, "ஒரு தடவை அளந்தாச்சே, எதற்கு மறுபடியும்?" என்று மாணவர்கள் கேட்பதுண்டு. பதில் இதுதான். ஒரே ஓர் அளவீட்டில் உங்கள் கையின் தடுமாற்றமும் சேர்ந்தே இருக்கிறது. இருபது அலைவுகளை அளந்து சராசரி எடுக்கும்போது அதன் பங்கு குறைந்துவிடுகிறது.

நம் ஊரில் பிறந்தவர் காட்டியது

குறுகிய ஆட்டத்தில் என்ன நடக்கும் என்பதற்குச் சிங்கப்பூரிலேயே ஒரு சான்று இருக்கிறது. பால் லிம் 1954இல் சிங்கப்பூரில் பிறந்தவர். 2020 டிசம்பரில், தமது 66ஆம் வயதில், உலகப் போட்டியின் முதல் சுற்றில் ஓர் இளம் ஆங்கிலேயரைச் சந்தித்தார். மூன்று செட் வென்றால் போதும் என்ற குறுகிய ஆட்டம் அது. லிம் 3-2 என்று வென்றார். தோற்ற இளைஞர் யார் தெரியுமா? மூன்று ஆண்டுகள் கழித்து உலகப் பட்டம் வென்ற அதே லூக் ஹம்ஃப்ரிஸ்.

2017இல் உலகக் கிண்ண இரட்டையர் போட்டியில் பால் லிம்மும் ஹரித் லிம்மும் சிங்கப்பூரின் சார்பில் விளையாடினார்கள். முதல் நிலையில் தரவரிசைப்படுத்தப்பட்டிருந்த ஸ்காட்லாந்து அணியை அவர்கள் 5-2 என்று வீழ்த்தினார்கள்.

பால் லிம்மின் பெயர் டார்ட்ஸ் வரலாற்றில் நிலைத்திருப்பது இன்னொரு சாதனையால். 1990 உலகப் போட்டியில், அப்போது அமெரிக்காவின் சார்பில் விளையாடிய அவர், 501 புள்ளிகளையும் வெறும் ஒன்பது அம்புகளில் முடித்தார். அதைவிடக் குறைந்த அம்புகளில் முடிக்கவே முடியாது. உலகப் போட்டியில் அதைச் செய்த முதல் மனிதர் அவர்தான். அதற்குக் கிடைத்த 52,000 பவுண்டு பரிசு, அந்த ஆண்டு பட்டம் வென்றவரின் பரிசையும் விஞ்சியது.

ஒன்பது அம்பு ஆட்டம் எவ்வளவு அரிது? பொதுவான வழி 180, 180, 141. இதில் எட்டு அம்புகள் மும்மடங்கில் குத்த வேண்டும், ஒன்பதாவது இரட்டையில் குத்த வேண்டும். மும்மடங்கில் குத்தும் வாய்ப்பு 45 விழுக்காடு, இரட்டைக்கு 40 என்று வைத்துக்கொண்டு பெருக்கிப் பாருங்கள். ஏறத்தாழ 1,500 லெக்குகளுக்கு ஒரு முறை வரும். ஓர் ஆட்டத்தில் பார்த்தால் அதிசயம். ஆனால் ஒரு பருவம் முழுவதும் பல ஆயிரம் லெக்குகள் விளையாடப்படுகின்றன. ஆகவே ஆண்டில் சில முறையாவது யாராவது செய்துவிடுகிறார்கள். 2024 பிரிமியர் லீக் இறுதியாட்டத்திலேயே லிட்லர் அதைச் செய்து, ஹம்ஃப்ரிஸை 11-7 என்று வென்றார்.

பருவத்தின் முடிவு

சிதறலைப் பற்றிப் பேச, டார்ட்ஸ் உலகம் பயன்படுத்தும் அளவுகோல் மூன்று அம்புச் சராசரி. 100 சராசரி என்றால் சிறந்த ஆட்டம். 2024 டிசம்பரில், அடுத்த உலகப் போட்டியின் இரண்டாம் சுற்றில், ரயன் மீக்கலுக்கு எதிரான கடைசிச் செட்டில் லிட்லர் மூன்று லெக்குகளை 11, 10, 11 அம்புகளில் முடித்தார். மொத்தம் 32 அம்புகளில் 1,503 புள்ளிகள். வகுத்து மூன்றால் பெருக்கினால் 140.91. உலகப் போட்டியின் ஒரு செட்டில் அதுவரை யாரும் எட்டாத சராசரி அது.

இதையும் நாம் கவனமாகப் பார்க்க வேண்டும். தவறிய ஓர் இரட்டை 2ஐ வைத்து லிட்லரைக் குறைத்து மதிப்பிடுவது எப்படிச் சரியில்லையோ, அப்படியே 32 அம்புகளை மட்டும் வைத்து அவருடைய தரம் 140 என்று சொல்வதும் சரியில்லை. நீண்ட கணக்கில் அவரும் 100ஐ ஒட்டியே இருக்கிறார். அந்த நீண்ட கணக்குத்தான் அவருடைய திறமை.

2025 ஜனவரி 3ஆம் தேதி அதே அரங்கில் நடந்த இறுதியாட்டத்தில் லிட்லர், மூன்று முறை உலக வெற்றியாளரான நெதர்லாந்தின் மைக்கல் வான் கெர்வனை 7-3 என்று வென்றார். 17 வயதில், அந்தப் பட்டத்தை வென்றவர்களிலேயே ஆக இளையவரானார்.

நீங்கள் படிக்கும் பாடங்களிலும் இதே நிலைமை வரும். ஒரு தேர்வில் மதிப்பெண் குறைந்தால் "எனக்குக் கணிதம் வராது" என்று முடிவு செய்பவர்களும், ஒரு தேர்வில் கூடினால் "இனிப் படிக்க வேண்டாம்" என்று நினைப்பவர்களும் ஒரே தவற்றைத்தான் செய்கிறார்கள். இருவரும் ஓர் அம்பைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறார்கள். ஆண்டு முழுவதும் நீங்கள் போட்ட கணக்குகளை எடுத்து, எங்கே அடிக்கடி தவறுகிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். எதில் பயிற்சி தேவை என்பது அதில் தெரியும்.

செய்து பாருங்கள்

கூர்மையான அம்புகள் வேண்டாம். ஐந்து கல் விளையாட்டுக்குப் பயன்படும் சிறு துணிப்பைகள் போதும். அவை விழுந்த இடத்திலேயே நிற்கும்.

1. தரையில் ஒட்டுநாடாவால் 20 செண்டிமீட்டர் அகலமுள்ள மூன்று பட்டைகளை அருகருகே அமையுங்கள்.

2. மூன்று மீட்டர் தள்ளி நின்று, நடுப்பட்டையைக் குறி வைத்து 30 முறை எறியுங்கள். இடம், நடு, வலம் என்று ஒவ்வொன்றிலும் எத்தனை விழுந்தன என்று குறித்துக்கொள்ளுங்கள். பல பைகள் மூன்று பட்டைகளுக்கும் வெளியே போனால் கொஞ்சம் முன்னால் வந்து மறுபடி தொடங்குங்கள்.

3. முதலில் பட்டைகளுக்கு 5, 20, 1 என்று எண் கொடுத்து மொத்தப் புள்ளிகளைக் கணக்கிடுங்கள். பிறகு அதே எறிகளுக்கு 7, 19, 3 என்றும், கடைசியாக 11, 14, 9 என்றும் எண் கொடுத்துக் கணக்கிடுங்கள்.

எடுத்துக்காட்டாக, இடப்பக்கம் 8, நடுவில் 15, வலப்பக்கம் 7 விழுந்தால், மொத்தம் முறையே 347, 362, 361 வரும். அவருக்கு 20 சரியான இலக்கு அல்ல என்பது தெளிவு. ஆனால் 19ஆ 14ஆ என்பதை ஒரு புள்ளி வேறுபாட்டை வைத்துச் சொல்ல முடியுமா? அதைத் தீர்மானிக்க இன்னும் எத்தனை முறை எறிய வேண்டும் என்று நண்பர்களோடு பேசி முடிவு செய்யுங்கள். பிறகு ஒரு வாரம் தினமும் பயிற்சி செய்துவிட்டு மறுபடி எறிந்து, உங்கள் சிறந்த இலக்கு மாறுகிறதா என்று பாருங்கள்.